நம் பூங்காவில் நிற்பது ஸ்ப்ரூஸ் மரமா? ஊசியிலை மரங்கள் தமிழ்நாட்டுக்கு வந்த வரலாறு



சென்ற பொதுக்குழுவில் நம் பூங்காவைப் பற்றி இரண்டு கோரிக்கைகள் வந்தன. குழந்தைகள் சறுக்குமரத்துக்கு வடக்கே நிற்கும் 'கிறிஸ்துமஸ் மரம்' சாய்ந்துகொண்டே போகிறது, அதை வெட்டிவிட வேண்டும் என்பது முதல் கோரிக்கை. வெட்டிய இடத்தில் 'ஒரிஜினல்' ஸ்ப்ரூஸ் கன்று ஒன்றை வரவழைத்து நட வேண்டும் என்பது இரண்டாவது. இரண்டையும் அடுத்த செயற்குழு முடிவு செய்யும் என்று தள்ளி வைத்தார்கள். நான் வணிகவியல் படித்து, வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். தாவரவியல் என் பாடம் அல்ல. ஆனால் எந்தக் கணக்கையும் முடிக்கும் முன் பழைய பேரேட்டை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது எங்கள் தொழிலில் ஊறிய பழக்கம். அந்தப் பழக்கத்தில் இந்த மரத்தின் பூர்வீகத்தைத் தேடிப் படித்தேன். படித்ததை உங்கள் முன் வைக்கிறேன்.

ஸ்ப்ரூஸ் என்பது எது?

ஸ்ப்ரூஸ் என்பது ஒரே மரம் அல்ல, ஒரு குடும்பப் பெயர் மாதிரி. தாவரவியலார் இந்த இனத்தை பைசியா என்கிறார்கள். இதில் ஏறக்குறைய 35 வகைகள் உள்ளன. எல்லாமே பூமியின் வடபாதியில் குளிர் மிகுந்த இடங்களுக்கு உரியவை. நார்வே, ஸ்வீடன், ரஷ்யா, கனடா போன்ற நாடுகளில் கண்ணுக்கு எட்டியவரை நிற்கும் காடுகளில் பெரும்பங்கு இவைதான்.

அடையாளம் காண்பது எளிது. ஸ்ப்ரூஸின் ஊசியிலையை விரல்களுக்கிடையே உருட்டினால் நான்கு பக்கம் உள்ள குச்சி மாதிரி உருளும். ஒவ்வொரு ஊசியும் கிளையில் ஒரு சிறு முளையின் மேல் அமர்ந்திருக்கும். ஊசி உதிர்ந்த பிறகும் அந்த முளை நிற்பதால் கிளையைத் தடவினால் அரம் மாதிரி சொரசொரப்பாக இருக்கும். கூம்பு வடிவக் காய்கள் கீழ்நோக்கித் தொங்கும். பார்வைக்கு இதைப் போலவே இருக்கும் ஃபர் என்ற மரத்தில் கூம்புகள் மெழுகுவத்தி மாதிரி மேல்நோக்கி நிற்கும்.

இந்தியாவிலும் ஸ்ப்ரூஸ் உண்டு. சிம்லா, மணாலி, காஷ்மீர் சுற்றுலா போய்வந்தவர்கள் கிளை நுனிகள் திரைச்சீலை போலத் தொங்கும் உயரமான மரங்களைப் பார்த்திருப்பீர்கள். அது இமயமலை ஸ்ப்ரூஸ். இமாச்சல மக்கள் 'ராய்' என்கிறார்கள். சுமார் 2,000 மீட்டருக்கு மேல், பனி விழும் சரிவுகளில் வளர்வது.

குளிர் இந்த மரத்துக்கு வெறும் சுகமான பருவம் அல்ல, அன்றாடத் தேவை. குளிர்காலத்தில் மொட்டுகள் முழுதாக உறங்க வேண்டும். பல வாரக் கடுங்குளிர் கிடைத்தால்தான் அந்த உறக்கம் சரியாகக் கலைந்து, வசந்தத்தில் புதுத் தளிர் வரும். அதேபோல இரவு வெப்பமாக இருந்தால், பகலில் வெயிலைக் கொண்டு தயாரித்த உணவையெல்லாம் மரம் இரவிலேயே செலவழித்துவிடும். வரவுக்கு மேல் செலவு என்றால் எந்தக் கணக்கும் எத்தனை நாள் ஓடும்? சங்கராபுரத்தின் சித்திரை இரவுகள் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வேர்களும் மேலோட்டமானவை. சுடும் செம்மண்ணில் அவை முதலில் கருகும்.

நம் நகரில் இரண்டு வீடுகளில் இணைய விற்பனையாளர் ஒருவரிடம் நீல ஸ்ப்ரூஸ் விதை வாங்கினார்கள். அது அமெரிக்காவின் ராக்கி மலைத்தொடருக்கு உரிய வகை. ஃபிரிட்ஜில் வைத்து, தொட்டியில் இட்டு, கார்த்திகையில் நாலைந்து முளை வந்தது. பங்குனி தாண்டவில்லை. கவனிப்பில் குறை ஒன்றும் இல்லை. அந்த மரத்துக்கு வேண்டிய குளிர்காலத்தை நம் ஊரில் யாராலும் கொடுக்க முடியாது என்பதுதான் காரணம்.

நம் பக்கத்திலேயே கிடக்கும் கல்மரங்கள்

அப்படியானால் ஊசியிலை மர வம்சமே நம் மண்ணுக்கு அந்நியமா என்றால், அதுவும் இல்லை. இதற்குச் சாட்சி நமக்கு மிக அருகிலேயே இருக்கிறது.

சாத்தனூர் என்றதும் நமக்கு அணைதான் நினைவுக்கு வரும். நான் சொல்வது பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூர். அங்கே 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு முழு அடிமரம் கல்லாகக் கிடக்கிறது. 1940-ல் புவியியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் இதை வெளியுலகுக்குத் தெரிவித்தார். வயது சுமார் 12 கோடி ஆண்டுகள். பூக்கும் தாவரங்கள் உலகில் பரவுவதற்கு முந்தைய காலத்து மரம். ஊசியிலை மரங்கள் சேர்ந்திருக்கும் அதே வகுப்பைச் சேர்ந்தது என்று இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை கூறுகிறது.

இன்னொன்று விழுப்புரம் மாவட்டம் திருவக்கரை. வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் பலர், அருகிலேயே இருக்கும் கல்மரப் பூங்காவுக்குள் நுழையாமல் திரும்பிவிடுகிறார்கள். 1781-லேயே சொன்னரா என்ற பிரெஞ்சு இயற்கையாளர் இந்தக் கல்மரங்களைக் குறித்து வைத்தார். இவை வக்கிராசுரனின் எலும்புகள் என்று ஊரில் ஒரு வழக்கு உண்டு. புவியியலாளர் கணக்குப்படி இவற்றின் வயது சுமார் 2 கோடி ஆண்டுகள். ஆற்று வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு மணலில் புதைந்த மரங்கள் இவை. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் ஒவ்வொரு இழையிலும் ஊறி உறைந்து, மரம் அப்படியே கல்லாகியிருக்கிறது. பெரும்பாலானவை பூக்கும் மரங்கள் என்றாலும், ஊசியிலை வம்சத்தைச் சேர்ந்த மரக்கட்டைகளும் இவற்றில் இனங்காணப்பட்டுள்ளன.

ஆக, ஒரு காலத்தில் இந்த வம்சம் நம் பக்கத்தில் தழைத்திருக்கிறது. பிறகு தட்பவெப்பம் மாறியது, பூக்கும் மரங்கள் பெருகின. இன்று தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் ஊசியிலை வம்சத்து மரம் ஒன்றே ஒன்றுதான். நேஜியா வாலிச்சியானா என்பது அதன் பெயர். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அதன் இலை ஊசி மாதிரி இருக்காது. நன்றாக அகன்ற இலை.

1848: ஒரு படமும் ஒரு தோட்டக்காரரும்

ஸ்ப்ரூஸை வீட்டுக்குள் கொண்டுவந்து அலங்கரிக்கும் வழக்கம் ஜெர்மானியருடையது. இங்கிலாந்து அரசி விக்டோரியாவின் கணவர் ஆல்பர்ட் ஜெர்மானியர். 1848 டிசம்பரில் அரச குடும்பத்தினர் அலங்கரித்த மரத்தைச் சுற்றி நிற்கும் படத்தை லண்டன் பத்திரிகை ஒன்று வெளியிட்டது. அதற்குப் பிறகு இங்கிலாந்தின் சாதாரண வீடுகளுக்கும் அந்த வழக்கம் பரவியது. இன்றும் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் ஆண்டுதோறும் நிற்பது நார்வே ஸ்ப்ரூஸ்தான். இரண்டாம் உலகப்போரில் செய்த உதவிக்கு நன்றியாக 1947 முதல் ஆஸ்லோ நகரம் அதை அனுப்பி வருகிறது.

அதே 1848-ல் நம் மாநிலத்திலும் ஒன்று நடந்தது. லண்டன் கியூ தோட்டத்தில் பயிற்சி பெற்ற வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் என்ற தோட்டக்காரர் ஊட்டிக்கு வந்து சேர்ந்தார். அதற்கு முன்பே கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் நீலகிரி மேல் ஏறி, சில ஆண்டுகளில் ஊட்டியில் வீடு கட்டியிருந்தார். வெள்ளைக்காரர் குடியேற்றம் பெருகியது. அவர்களுக்குக் காய்கறி வேண்டும் என்று சந்தா வசூலித்துத் தொடங்கிய தோட்டம் சரியாக நடக்கவில்லை. அதன் பிறகுதான் முறையான தாவரவியல் பூங்கா அமைக்கும் பொறுப்பு மெக்ஐவரிடம் வந்தது. சதுப்பும் சரிவுமாகக் கிடந்த இடத்தைச் செப்பனிட அவருக்குப் பத்தாண்டு போலப் பிடித்தது. நாம் மலர்க் கண்காட்சிக்குப் போய்ப் புகைப்படம் எடுத்துக்கொள்ளும் பூங்கா அதுதான். அங்கேயும் ஒரு கல்மரம் வைத்திருக்கிறார்கள். 2 கோடி ஆண்டு பழையது என்று பலகை சொல்லும்.

ஊர் ஏக்கம் மனிதர்களை என்னவெல்லாம் செய்ய வைக்கிறது என்பதற்கு ஊட்டி நல்ல உதாரணம். தங்கள் நாட்டுப் பூ, தங்கள் நாட்டுக் காய், தங்கள் நாட்டு மரம் எல்லாம் கண்முன் இருக்க வேண்டும் என்று விரும்பினார்கள். ஆனால் ஊட்டியிலும் குளிர் சில இரவுகளில் உறைபனி அளவுக்குப் போகிறதே தவிர, மாதக்கணக்கில் நீடிப்பதில்லை. தை மாதத்திலும் பகலில் இதமான வெயில் அடிக்கும். அதனால் ஐரோப்பாவின் ஸ்ப்ரூஸ் காடு அங்கே உருவாகவில்லை. பெருகியவை வேறு. கலிபோர்னியாவின் சைப்ரஸ், ஆஸ்திரேலியாவின் யூகலிப்டஸ், சீகை, பின்னாளில் மெக்சிகோவின் பைன் ஆகியவை வேரூன்றின. இன்று ஊட்டியில் நாம் 'கிறிஸ்துமஸ் மரம்' என்று காட்டுகிற பல மரங்கள் உண்மையில் சைப்ரஸ். இலங்கையின் நுவரெலியாவிலும் இதே கதைதான். அங்கே பண்டிகைக்கு வெட்டப்படுவதும் சைப்ரஸ் கிளையே.

கொடைக்கானல் பைன் காட்டுக்கு நாம் எல்லோரும் போயிருக்கிறோம். இருபதாம் நூற்றாண்டில் வனத்துறை நட்டு வளர்த்த காடு அது. பார்க்க அழகு. ஆனால் உள்ளே நடக்கும்போது ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். தரையில் ஊசிச்சருகு மெத்தையைத் தவிர வேறு செடி அநேகமாக இருக்காது. பழனி மலையிலும் நீலகிரியிலும் இந்த மரங்கள் நடப்பட்ட இடங்களில் பல முன்பு சோலையும் புல்வெளியுமாக இருந்தவை. மழைநீரைப் பிடித்து வைத்து ஓடைகளாக விடுவது அந்தப் புல்வெளிகளே. இப்போது வெளிநாட்டு மரங்களை அகற்றிப் புல்லை மீட்கும் வேலை பல இடங்களில் நடக்கிறது. ஒருவர் ஆசைக்கு வைத்த மரத்தை நூறாண்டு கழித்து இன்னொருவர் செலவு செய்து எடுக்க வேண்டியிருக்கிறது.

கல்லா, மரமா? கேப்டன் குக் கப்பலில் ஒரு விவாதம்

சரி, நம் பூங்காவில் நிற்பது எது? அது ஸ்ப்ரூஸ் அல்ல, பைன் அல்ல, சைப்ரஸும் அல்ல. அரகேரியா என்ற இனம். இதன் பூர்வீகம் பூமியின் தென்பாதி.

1774-ல் கேப்டன் ஜேம்ஸ் குக் 'ரெசல்யூஷன்' கப்பலில் தென் பசிபிக் கடலில் போய்க்கொண்டிருந்தார். நியூ கலிடோனியா தீவை ஒட்டிச் செல்லும்போது தூரத்தில் தூண் தூணாக ஏதோ தெரிந்தது. கப்பலில் இருந்த இயற்கை ஆய்வாளர்கள் அவை எரிமலைப் பாறைத் தூண்கள் என்றார்கள். மரங்கள் என்பது குக்கின் எண்ணம். விவாதம் பலமாக நடந்தது. அருகில் போய்ப் பார்த்தபோது மரங்களேதான். அவரை முன்னிட்டே அதற்குக் குக் பைன் என்ற பெயர். அடுத்த மாதமே நார்ஃபோக் தீவில் அதன் சகோதர வகையையும் கண்டார். அது நார்ஃபோக் தீவு பைன். பெயரில் பைன் என்று இருந்தாலும் இரண்டுமே பைன் இனம் அல்ல.

நேராக நெடுநெடுவென்று வளர்ந்த அந்த மரங்களைப் பார்த்ததும் கப்பல்காரர்களுக்கு ஒரே எண்ணம்தான் வந்தது: பாய்மரம். 1788-ல் ஆங்கிலேயர் நார்ஃபோக் தீவில் குடியேறியதற்கு இந்த மரமும் ஒரு காரணம். ஆனால் அறுத்துப் பார்த்தபோது பாய்மரத்துக்கு வேண்டிய உறுதி அதில் இல்லை. கப்பலுக்கு உதவாத மரம் தோட்டங்களுக்குப் போயிற்று. அடுக்கடுக்கான கிளை, கோபுரம் போன்ற வடிவம், வெப்பத்தைத் தாங்கும் குணம். ஸ்ப்ரூஸ் வளராத வெப்ப நாடுகளில் அதன் இடத்தை நிரப்ப இதைவிடப் பொருத்தமான மரம் கிடைக்கவில்லை. பெங்களூரு லால்பாக்கில் வானளாவ நிற்கும் அரகேரியாக்களைப் பார்த்திருப்பீர்கள். அங்கிருந்தும் மற்ற தோட்டங்களிலிருந்தும் பள்ளி வளாகங்கள், பங்களாக்கள், தேவாலயங்கள், இன்று நம் நர்சரித் தொட்டிகள் வரை வந்துவிட்டது.

சவுக்கு: ஏழை வீட்டுக் கிறிஸ்துமஸ் மரம்

நர்சரிக்கு அரகேரியா வருவதற்கு முன்பே நம் கிராமங்களில் கிறிஸ்துமஸ் குடிலுக்கு ஒரு மரம் இருந்தது. அது சவுக்கு. டிசம்பரில் சவுக்குக் கிளையை வெட்டி வந்து, மண் நிரப்பிய டப்பாவில் நட்டு, பஞ்சும் வண்ணத்தாளும் ஒட்டி வைப்பார்கள். பார்க்க ஊசியிலை மரம் போலவே இருக்கும்.

சவுக்கும் வந்த மரம்தான். ரயில் வந்த புதிதில் எஞ்சினுக்கு விறகு போதவில்லை. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு முதல் ரயில் ஓடியது 1856-ல். அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் விறகுக்கென்றே சவுக்குத் தோட்டங்கள் போடத் தொடங்கினார்கள். மேற்குக் கரையில் கார்வாரில் 1868-ல் நட்டது பற்றி வனவியல் நூல்கள் குறிப்பிடுகின்றன. இன்று கடலூர், விழுப்புரம் பக்கம் சவுக்கு ஒரு பணப்பயிர். பந்தல் கால், கட்டடச் சாரம், காகித ஆலை என்று எல்லாவற்றுக்கும் போகிறது.

இதில் அறிய வேண்டிய செய்தி, சவுக்கு ஊசியிலை வம்சமே இல்லை. அது பூக்கும் மரம். ஊசி என்று நாம் நினைப்பது அதன் மெல்லிய பசுங்குச்சி. உண்மையான இலை அந்தக் குச்சியின் கணுக்களில் செதில் மாதிரி ஒட்டியிருக்கும். குச்சியைக் கணுவில் இழுத்தால் பிரிந்து வரும். மறுபடி பொருத்தி வைத்து விளையாடாதவர் நம் தலைமுறையில் யார்? வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்குச் சேர்த்துக் கொடுப்பதால் மணலிலும் வளர்கிறது.

கல்வராயன் மலையில் வளராதா?

'நம் ஊரில் வேண்டாம், மேலே கரியாலூரில் ஸ்ப்ரூஸ் வரும் அல்லவா?' என்று ஒரு நண்பர் கேட்டார். கல்வராயன் மலையின் உயரமான பகுதிகள் 1,000 மீட்டரைத் தாண்டுகின்றன. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஏழு டிகிரி வெப்பம் குறையும் என்பது பொதுக் கணக்கு. நமக்கு அது சுகம். ஸ்ப்ரூஸுக்கு அது குளிர்காலம் ஆகாது. ஊட்டியைவிட உயரம் மிகக் குறைந்த மலை. அங்கே கிடைக்காதது இங்கே எப்படிக் கிடைக்கும்?

1976 வரை ஜாகீர்தார்கள் வசம் இருந்த மலை அது. ஊட்டி, ஏற்காடு மாதிரி அங்கே வெள்ளைக்காரர் கோடை நகரம் எழவில்லை. மலைவாழ் மக்கள் கடுக்காயும் புளியும் தேனும் எடுத்துவந்து விற்றார்கள். இன்றும் விற்கிறார்கள். கடுக்காய் மரம் அந்த மலையின் சொத்து. அதில் ஒன்றை நம் பூங்காவில் நட இதுவரை யாரும் கேட்கவில்லை என்பதையும் இங்கே குறிப்பிட விரும்புகிறேன்.

பூங்கா மரம் ஏன் சாய்கிறது?

இனி முதல் கோரிக்கைக்கு வருவோம். குக் பைனுக்கும் நார்ஃபோக் பைனுக்கும் சிறுவயதில் வேற்றுமை காண்பது கடினம். வளர்ந்த பின் நார்ஃபோக் பைன் அகலமான கோபுரமாகப் படரும். குக் பைன் குட்டைக் கிளைகளோடு ஒல்லியான தூணாக நிற்கும். பட்டை மெல்லிய காகிதச் சுருள் போல உரியும். நம் பூங்கா மரத்தில் இந்த இரண்டு அடையாளமும் இருக்கின்றன. மூன்றாவது அடையாளம் அதன் சாய்வு.

2017-ல் 'எக்காலஜி' என்ற ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. ஐந்து கண்டங்களில் 256 குக் பைன் மரங்களை அளந்து பார்த்திருக்கிறார்கள். பூமியின் வடபாதியில் உள்ளவை தெற்கு நோக்கியும், தென்பாதியில் உள்ளவை வடக்கு நோக்கியும் சாய்ந்திருந்தன. அதாவது எங்கே நட்டாலும் நிலநடுக்கோட்டைப் பார்த்துச் சாய்கிறது. சராசரிச் சாய்வு எட்டரை டிகிரி. நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலகச் சாய்வு கூடுகிறது. ஏன் என்பது அறிவியலாளருக்கே இன்னும் முழுதாக விளங்கவில்லை.

எட்டரை டிகிரி என்றால் 30 அடி உயரத்துக்கு உச்சி நாலரை அடி தள்ளியிருக்கும். நம் மரத்தைக் கொத்தனாரின் தூக்குக்குண்டு வைத்துப் பார்த்தோம். பத்தடி உயரத்தில் ஓர் அடி விலகல். இது ஆறு டிகிரிக்குச் சற்றுக் குறைவு. செல்போன் திசைகாட்டியில் பார்த்தால் சாய்வு தெற்கே. ஆக, அது நோயால் சாய்ந்த மரம் அல்ல, தன் இயல்புப்படி நிற்கிற மரம்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. கீழே விளையாடுவது நம் பேரப்பிள்ளைகள். இயல்பான சாய்வு மெதுவாக, பல ஆண்டுகளில் வருவது. அடிமரத்தைச் சுற்றி மண் வெடித்தாலோ, சாய்வுக்கு எதிர்ப்பக்கம் வேர் மேலே தூக்கினாலோ, ஒரு மழைக்குப் பின் சாய்வு திடீரென்று கூடினாலோ, அடியில் பொந்து, காளான், பால் வடிதல் தெரிந்தாலோ அது அபாயம். அப்போது தாமதிக்காமல் தகுந்தவர்களை அழைக்க வேண்டும். இப்போதைக்கு இவற்றில் ஒன்றும் தென்படவில்லை.

வீட்டில் வைத்திருப்பவர்களுக்குச் சில குறிப்புகள்

நம் நகரில் பல வீடுகளில் தொட்டியிலும் தரையிலும் அரகேரியா இருக்கிறது. அவர்களுக்காக:

உச்சியை எக்காரணம் கொண்டும் வெட்டாதீர்கள். வெட்டினால் கோபுர வடிவம் போய்விடும், மறுபடி சரியாக வராது. மின்கம்பிக்கு இடைஞ்சல் என்று உச்சி வெட்டப்பட்டு மொட்டையாக நிற்கும் மரம் ஒன்று இரண்டாவது குறுக்குத் தெருவில் இருக்கிறது. கம்பிக்குக் கீழே நடாமல் இருப்பதே வழி.

காம்பவுண்டுச் சுவரிலிருந்து நாலடியில் நடுவது நாளைய வம்பு. தாயகத்தில் 50 மீட்டருக்கு மேல் வளரும் மரம் இது. வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, நல்ல வெயிலில், நீர் தேங்காத இடத்தில் நடுங்கள். அவ்வளவு இடம் இல்லையென்றால் தொட்டியிலேயே இருக்கட்டும்.

கன்று வாங்கும்போது நேரான நடுத்தண்டும் சுற்றிலும் சம அடுக்குக் கிளைகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பக்கக் கிளையை வெட்டி வேர்பிடிக்க வைத்த கன்று எத்தனை ஆண்டானாலும் பக்கவாட்டிலேயே படரும், நிமிராது. விதையிலிருந்தோ உச்சித் தண்டிலிருந்தோ வந்த கன்றே மரமாகும்.

தொட்டிச் செடிக்கு மேல்மண் காய்ந்த பின் தண்ணீர் போதும். ஒரே பக்கம் வெளிச்சம் விழுந்தால் அந்தப் பக்கம் கோணும். வாரம் ஒருமுறை தொட்டியைக் கால்வாசி திருப்பி வையுங்கள்.

பிள்ளைகள் கனடாவிலும் நார்வேயிலும் இருக்கிறவர்கள் நம்மில் சிலர் உண்டு. அவர்கள் வீட்டுத் தோட்டத்தில் நிஜ ஸ்ப்ரூஸே நிற்கும். அங்கே போயிருக்கும்போது கவனிக்க வேண்டியவை சில. கன்றின் வேர்க்கட்டி எவ்வளவு ஆழமோ அதற்கு மேல் குழி ஆழம் கூடாது. மேலே மரத்தூள் மூடாக்குப் போடலாம், ஆனால் அடித்தண்டைத் தொடக் கூடாது. இலையில்லாத பழைய கட்டை வரை கிளையைக் கத்தரித்தால் அங்கே மறுபடி துளிர்க்காது. மண் உறைவதற்கு முன், இலையுதிர் காலத்தில், ஆழமாக நீர் விட வேண்டும்.

செயற்குழுவின் முன் என் வேண்டுகோள்

பொதுக்குழுவில் வந்த இரண்டு கோரிக்கைக்கும் என் கருத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, பூங்கா மரத்தை வெட்ட வேண்டாம். சங்க அலுவலகத்தில் ஒரு பதிவேடு வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இந்த இதழ் வெளிவரும் அதே மாதங்களில், தூக்குக்குண்டு அளவைத் தேதியிட்டு எழுதிவருவோம். அளவு எடுக்கும் வேலையை நானே ஏற்றுக்கொள்கிறேன். மேலே சொன்ன அபாய அறிகுறி ஏதேனும் தெரிந்தால் அன்றே செயற்குழுவுக்குத் தெரிவிக்கப்படும். அதுவரை பாதுகாப்புக் கருதிச் சறுக்குமரத்தைப் பத்துப் பதினைந்தடி கிழக்கே தள்ளி வைத்துவிடலாம். மரத்தை வெட்டுவதைவிட இது மலிவு.

இரண்டு, ஸ்ப்ரூஸ் கன்றுக்குச் சங்கப் பணம் செலவிட வேண்டாம். நார்வேயின் குளிரில் ஓங்கி நிற்கிற மரம் நம் வெயிலில் படும் பாட்டைக் காண்பதற்குப் பணம் கொடுக்க வேண்டுமா? கூம்பு வடிவ மரம்தான் வேண்டுமென்றால், அசோகம் என்று நாம் தவறாக அழைக்கும் நெட்டிலிங்கம் இருக்கிறது. நிழலும் மணமும் வேண்டுமென்றால் மகிழம். அந்தப் பணத்தில் ஒரு மகிழமும், கல்வராயன் மலைக் கடுக்காய்க் கன்று ஒன்றும் வாங்கலாம். இரண்டும் நம் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் காலத்திலும் நிற்கும்.

டிசம்பரில் பூங்கா மரத்துக்கு வண்ண விளக்குப் போடுவது வழக்கம்போல் நடக்கட்டும். கிளையில் ஆணி அடிக்காமல், கம்பியால் இறுக்காமல், துணி நாடாவில் தளர்வாகக் கட்டினால் போதும். பண்டிகை முடிந்ததும் அவிழ்த்துவிட வேண்டும். இதைப் பற்றி மாற்றுக் கருத்து உள்ளவர்கள் செயற்குழுக் கூட்டத்துக்கு முன் சங்க அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்தால் எல்லாவற்றையும் சேர்த்துப் பரிசீலிக்க வசதியாக இருக்கும்.